வாசலோடு நின்ற மலர்வளையம்

அன்பு மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. இந்தத் தஞ்சோங் கிளிங் வீட்டில் உன் அப்பாவைத் தவிர எல்லோரும் சுகம். பெர்த்தில் நீயும் உன் வேலையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. பூ அழகாக இருந்ததா என்று வாட்சாப்பில் கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் போட்டால் நீ படிக்காமலே கட்டைவிரலைக் காட்டிவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன், கூரியரில் மூன்று நாளில் வந்துவிடுமாம்.

திங்கட்கிழமை விடியற்காலை அப்பா மூச்சு நின்றதும் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். அப்பாவ எடுத்துடாதீங்கம்மா, நான் ராத்திரி ஃபிளைட்ல வந்துடுறேன், நான்தான் கொள்ளி வைக்கணும் என்று அழுதாய். நான் நம்பினேன். வந்தவர்களிடமெல்லாம் மகன் வருகிறான், மகன் வருகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், ஐஸ் பெட்டி வரவழைத்து ஒரு நாள் முழுக்க அவரை ஹாலில் போட்டு வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீ கூப்பிட்டு, ஆபிஸ்ல பெரிய மீட்டிங்மா, பாஸ் விடல, ஆனா பூ ஆர்டர் பண்ணிட்டேன், இன்னிக்கே வந்துடும் என்றாய். பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு ஐந்தரை மணி நேரம், அது உனக்குத் தெரியும். உன் சித்தப்பா மகன் திவாகர் பத்து பெரண்டாம் ஊர் பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்தவன், அவனுக்கும் ஒரு பாஸ் இருக்கிறார். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொள்ளிச்சட்டியைத் தூக்கினான். எனக்குக் கடைசியாகத் தலையில் பூ வைத்து, பொட்டு வைத்து, இரண்டையும் எடுத்தார்கள். ஒரு மணிக்கு அப்பா வாசலைத் தாண்டிவிட்டார்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் நாங்கள் வீட்டைக் கழுவி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு வேன் வந்தது. பூக்கடைக்காரச் சீன அம்மாவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார், கிளேபாங் ரோட்டுல ஒரே ஜாம் லா, லேட்டாயிடுச்சு, மோகனா வீடு இதுதானே என்றார். நான்தான் மோகனா என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த மலர்வளையத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ஊதா ரிப்பனில் தங்க எழுத்தில், அமைதியில் உறங்குக, மோகனா த/பெ முனுசாமி, என்றும் மறவாத மகன் கவிநேசன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஐசி அடையாள அட்டையில் இருப்பதுபோல் என் அப்பா பெயர் வரைக்கும் சரியாக இருந்தது. பாவம் அந்த அம்மா, போனை எடுத்து ஆர்டரைக் காட்டினார். மூன்று வருஷமாக நீ வராமல் என் பிறந்தநாளுக்கு அதே கடையில்தானே பூ அனுப்புகிறாய், அந்த ஆர்டரில் என் பெயர் அப்படியே நின்றிருக்கிறது, அதை அழித்துவிட்டு உன்னைப் பெற்றவரின் பெயரைப் போட உனக்கு ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. வேற ரிப்பன் கட்டிக் கொண்டாறேன் ஆன்ட்டி என்றார், வேண்டாம் என்றேன். பூ சேர்ந்ததற்குப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், அவருக்குக் கை வரவில்லை. நானே வளையத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எடுங்க என்று வாசல் கேட்டில் நின்றேன். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் நீ அழகாக இருந்ததா என்று கேட்டாய். அதில் ஈரத் தலையோடு நிற்பது நான்தான், பெரிதாக்கிப் பார்.

சவத்துக்கு வந்த பூவைக் கழுவிய வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. பக்கத்து வீட்டு செலின் அக்கா ரிப்பனை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, வளையத்தைக் கொண்டுபோய்த் தன் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார். நான் மறுபடி தலை முழுகினேன். உன் அப்பாவுக்கு நீ அனுப்பியது யாரோ ஒருவர் மேல் கிடக்கிறது. நீ கேட்டதற்குப் பதில் இதுதான், பூ அழகாகத்தான் இருந்தது, எல்லாம் வெள்ளைச் செவ்வந்தி. எனக்கு வயிறு எரிகிறது, அதை மறைக்க மாட்டேன். அந்த ஐஸ் பெட்டிமேல் இருந்த கண்ணாடியில் என் மூச்சுப் படியப் படிய ஒரு நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தேன், நீ வந்ததும் அவர் முகம் உனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. பதினாறாம் நாள் காரியம் புதன்கிழமை, கொள்ளி வைத்த திவாகர்தான் உட்காருவான். நீ வந்தால் விருந்தாளிகளோடு உனக்கும் இலை போடச் சொல்லியிருக்கிறேன். நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு, அது அம்மாவின் ஆசீர்வாதம்தான், அதில் பொய்யில்லை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்த ரிப்பனைத் துவைத்து, மடித்து, அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இடம் திவாகருக்குத் தெரியும். என் நாள் வரும்போது நீ மறுபடி ஆர்டர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மோகனா த/பெ முனுசாமி