பரமேஸ்வரி அக்கா எழுதிய பரீட்சை

14 ஆகஸ்ட், வியாழன்

எங்கள் லாரி அலுவலகத்துக்குப் பழைய வின்டோஸே போதுமா, லினக்ஸுக்கு மாறலாமா என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார் முதலாளி. அன்றாட வேலை எதில் சுலபம் என்று பார்க்க, சீட்டெல்லாம் அடிக்கும் கிராணி பரமேஸ்வரி அக்காவை இரண்டிலும் ஒரே டெலிவரி சீட்டை அடிக்கச் சொன்னேன். கைபேசியில் நேரத்தை ஓடவிட்டுப் பின்னாலேயே நின்றேன்.

வின்டோஸில் மூன்று நிமிடம். லினக்ஸ் திரையில், திறந்து வைத்ததைக் காட்டும் கீழ்ப்பட்டை கிடையாது. பாதி அடித்த சீட்டை அக்கா சுருக்கி வைத்தார், அது காணாமல் போனது. தேடித் தேடி அவருக்கு வியர்த்துவிட்டது. பதினோரு நிமிடம்.

லினக்ஸ் எனக்குப் பிடிக்கும். அதனால் அறிக்கையில் ‘திரை குழப்புகிறது’ என்று எழுதவில்லை. ‘ஊழியர் தடுமாறுகிறார்’ என்று எழுதி மதியமே அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அக்கா ஓடி வந்தார்.

“தம்பி, நான் பாஸா? ஆள் கொறைக்கப் போறாங்கன்னுதான இந்தப் பரீட்ச? சாப்பாட்டு நேரத்துல அந்தப் புதுத் திரைய வரஞ்சி வச்சிருக்கேன். தப்பிருந்தா சொல்லுலா, வீட்டுல பழகிட்டு வாரேன்.”

பரீட்சை கம்ப்யூட்டருக்குத்தான், அவருக்கு இல்லை என்று காலையிலேயே சொல்லியிருக்கலாம். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“பாஸ்தான் அக்கா,” என்றேன். சிரித்தார்.

எட்டு மணிக்கு முதலாளியிடமிருந்து செய்தி வந்தது: “லினக்ஸே போட்டுரு. அக்காவுக்குப் பதிலா வேற ஆள் பாக்கலாம்.”

நான் இன்னும் பதில் போடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா வரைந்து கொடுத்த திரை மேசையில் கிடக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒரு பட்டன்கூட இடம் மாறவில்லை.