கிளம்பிவிட்ட பை

தெற்கு வீட்டு மருதாயி மகனுக்கு இந்த வைகாசியில் கல்யாணம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இன்று காலை வேலியோரம் வந்து நின்றவள், சொல்லவும் முடியாமல் போகவும் முடியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"அண்ணன் பை எங்க வூட்டுலதானே இருக்குது அக்கா. பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க..."

நானே போனேன். உள்ளறையில் நெல் மூட்டைமேல் உங்கள் நீலப் பை, நீங்கள் வைத்த மாதிரியே இருந்தது. திறந்ததும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் உங்கள் சந்தன சோப்பு வாசம், வெளியூர் போனால் மட்டும் எடுப்பீர்களே, அது. துண்டுக்கு நடுவே எவர்சில்வர் சம்புடம். மூடியைத் திருகினேன். உள்ளே ஒன்றுமில்லை. மண் சிந்தாமல் வருமா என்று நம் கரிசலைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தீர்களே, அதில் கொஞ்சம் மூடி இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டவும் எனக்கு மனசு வரவில்லை.

ஒரு கைப்பிடி மண்ணுக்காகத்தானே இத்தனையும். சயாம் தேசத்து மண் ஒரு பிடி இந்தச் சம்புடத்தில் வர வேண்டும், கொள்ளிடத்தில் அதைக் கரைத்து உங்கள் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும், அப்புறம் கண்ணை மூடினாலும் சரி என்பீர்கள். கண்ணை மூடுவது முந்திக்கொண்டது.

நீங்கள் உங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை. அத்தை வயிற்றில் நீங்கள் இருந்தபோது அவர் அரியலூரில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். பின்னாலேயே சண்டை வந்தது. ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை வளைத்து, சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனான். அதே தோட்டத்தில் இருந்த ஜெயங்கொண்டத்து ஆள் ஒருவர் சண்டை ஓய்ந்து ஊர் திரும்பினார் என்று கேள்விப்பட்டு, அத்தை உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போனார்களாம். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அத்தையே இதைச் சொன்னார்கள்.

"சாமான் வண்டியில ஆடு மாடு மாதிரி ஏத்துனாங்க தாயி. எனக்குக் காய்ச்சல்னு எறக்கி விட்டுட்டாங்க. அவன் போயிட்டான். அங்க போனவன் திரும்புறதில்ல."

"செத்ததை நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்ப பாக்காததை வாயால சொல்லாத."

அத்தோடு எழுந்து வந்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் தாலியும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அவன் மலேயாவுல ஒருத்தியக் கட்டிக்கிட்டு, புள்ள குட்டியோட கெடக்கான். இவ இங்க மஞ்ச தேச்சுக்கிட்டுக் கெடக்கா" என்று அத்தை காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். அந்தப் பேச்சுத்தான் உங்களை உள்ளே அரித்தது. அப்பா செத்தார் என்றால் ஆத்தா தாலி போகும். உயிரோடு இருக்கிறார் என்றால் விட்டுவிட்டு ஓடினவர் ஆவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

"அப்பனுக்கு நான் எள்ளுத்தண்ணி விட்டா, ஆத்தா தாலியை நானே அறுத்த மாதிரி புள்ள" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னீர்கள். வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அத்தை போனபோது பங்காளிகள் வாசலில் நின்று வழக்குப் பேசினார்கள். சுமங்கலியாக எடுப்பதா, இல்லை முறைப்படி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடுப்பதா என்று. பிணத்தை வைத்துக்கொண்டு பொழுது ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் குரலே உயர்த்தவில்லை. "கட்டுனவரு வந்து கழட்டட்டும். நீங்க தூக்குங்க" என்றீர்கள். மஞ்சள் பூசி, பூ வைத்து, புதுப் பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் திருமழபாடிக்குப் போய்க் கொள்ளிடக் கரையில் உட்காருவோம். அய்யர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு, "தகப்பனார் பேரு சொல்லுங்கோ" என்பார்.

"அம்மாவுக்கு மட்டும் சாமி."

"தகப்பனார் இருக்காரா?"

நீங்கள் தண்ணீரைப் பார்ப்பீர்கள். உங்களுக்கே தலை முழுக்க நரைத்த பிறகும் அவர் அதையே கேட்டார். நீங்களும் தண்ணீரையே பார்த்தீர்கள்.

நம் பேத்திதான் இதற்கு ஒரு வழி காட்டினாள். சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளை, பொங்கலுக்கு வந்தவள், போனில் சயாமில் அந்த ரயில் பாதை போட்ட ஊரைக் காட்டினாள். சயாமுக்கு இப்போது தாய்லாந்து என்று பேராம். காஞ்சனபுரி. ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், வரிசை வரிசையாகக் கல்.

"வெள்ளைக்காரனுக்கு ஆளுக்கொரு கல்லு, பேரு போட்டு. நம்ம ஆளுங்களுக்கு எங்க இருக்குது?" என்றீர்கள்.

"தனித்தனியா ஒண்ணும் இல்ல தாத்தா. ஒரே குழியில நெறைய பேரைப் போட்டுப் பொதைச்சிருக்காங்க."

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். பிறகு, "அப்ப எந்த மண்ணை எடுத்தாலும் சரி" என்றீர்கள்.

திருச்சியில் விமானம் ஏறினால் நேரே பேங்காக் பக்கம் போய்விடலாம் என்றாள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பனை ரயிலுலதான் கொண்டுபோனாங்க. நானும் ரயிலுலதான் போவேன். கடலு தாண்ட மட்டும் பிளேனு." ஆகவே திட்டம் இப்படி ஆயிற்று: அரியலூரிலிருந்து திருச்சி வரை ரயில், அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர், மறுபடி ரயிலில் வடக்கே எல்லை வரை. எல்லையில் பாடாங் பெசார் என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, தாய்லாந்து ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு நாட்டுக்கும் மணியே வேறாம். மலேசியா ஒரு மணி நேரம் முந்தி ஓடுமாம். அதில் ஏமாந்தால் ரயில் போய்விடும்.

நம் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "பெரம்பலூரு ஜில்லாவுக்கே ரயிலு கெடையாது. வேப்பந்தட்டையில பஸ்ஸு மாறச் சொன்னாலே ரெண்டு பேரும் தப்பு பஸ்ஸுல ஏறுவீங்க. இதுல சீமையில போயி ரயிலு மாறப் போறாராம்!"

"உன்னை வரச் சொல்லலடா. உங்கம்மா படிச்சவ. அவ போர்டைப் பாத்துச் சொல்லுவா" என்றீர்கள்.

ஐந்தாவது படித்தவளை எவ்வளவு பெருமையாகப் படித்தவள் என்றீர்கள்! உங்கள் கண்ணில் புரை. போர்டு படிப்பது என் பாடு. எனக்குத் தமிழ் எழுத்து தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் எழுத்துத்தான் வராது. பேத்தியைப் பாடாங் பெசார் என்று காகிதத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். அதைக் கோலம் மாதிரி மனசில் வாங்கினேன். ஒரு கோடு, தலையில் பாதி வளையம். அடுத்தது கூரை. இப்படியே கடைசி எழுத்து வரைக்கும். தினமும் விடியற்காலையில் வாசல் தெளித்ததும் ஈர மண்ணில் ஒரு தடவை எழுதிப் பார்த்து, அழித்துவிட்டு, அதன்மேல் கோலம் போடுவேன். நீங்கள் பல் விளக்கிக்கொண்டே, "ஸ்டேஷன் வந்துருச்சா புள்ள?" என்பீர்கள்.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்று என்னை விருத்தாசலத்துக்கு இழுத்துக்கொண்டு போன கூத்தை யாரிடம் சொல்ல. அரியலூரில் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் போய் சேலத்து வண்டியைப் பிடிக்க வேண்டும். அதுதான் பாடாங் பெசார் என்று வைத்துக்கொள் என்றீர்கள். பையில் அரிசி போட்டுக் கனமாக்கியிருந்தீர்கள். "ம், எறங்கு எறங்கு, நம்ம மணி வேற, அவன் மணி வேற!" என்று நீங்கள் அவசரப்படுத்த, எதிரே வந்த பூக்காரி, "எந்த ஊருக்குப் பெரியவரே இம்புட்டு அவசரம்?" என்றாள். "சயாமுக்கு" என்றீர்கள். அவள் என்னைப் பார்த்து, பாவம் என்கிற மாதிரி உச்சுக் கொட்டினாள்.

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "முட்டி வலி" என்றீர்கள். முட்டி வலிக்குக் கை ஏன் நெஞ்சுக்குப் போகிறது என்று கேட்டேன். சேலத்து வண்டி நம் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. மகனிடம் சொன்னேன். அவன் டாக்டரிடம் கூப்பிட்டான். "போயிட்டு வந்து பாத்துக்குறேன். அவன் படுக்கச் சொன்னான்னா என் ரயிலு போயிரும்" என்றீர்கள். அதற்கு மேல் உங்களை யார் அசைக்க முடியும்?

கிளம்பும் நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. வியாழன் தெற்கே சூலம், திருச்சியோ நமக்குத் தெற்கே. அதற்குத்தான் பரஸ்தானம் வைத்தோம். நாள் சேராவிட்டால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் பையை எடுத்துக்கொண்டு போய், போகிற திசையில் வேறு வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பின கணக்கு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று முந்தின வாரத்துப் புதன்கிழமையே தெற்கு வீட்டு மருதாயியிடம் பையைக் கொடுத்தோம். அவள் ஆரத்தி எடுக்காத குறையாக வாங்கி வைத்தாள்.

திரும்பி வரும்போது சொன்னீர்கள்: "வச்ச பையைத் திரும்ப வூட்டுக்குள்ள கொண்டாந்தா போற காரியம் வெளங்காது. எது நடந்தாலும் கொண்டாந்துராத புள்ள."

ஞாயிற்றுக்கிழமை காலையில், மகன் வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டு நடந்து பழகுகிறேன் என்று உட்கார்ந்தீர்கள். ஒரு காலில் மாட்டினீர்கள். இன்னொன்று கையில் இருந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூட கார் போகவில்லை. என் மடியில் தலை கனத்தது. மகன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். உங்கள் ஒரு காலில் ஷூ அப்படியே இருந்தது.

கருமாதியன்று என்னை உட்கார வைத்து, பெண்கள் சுற்றி நின்று தாலியை எடுத்தார்கள். ஒரு சொம்புப் பாலில் போட்டார்கள். அவ்வளவுதான். அப்போது நான் அழவில்லை. அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தெரியாமலே ஆயுசு முழுக்கக் காத்திருந்தார்கள். எனக்குக் காத்திருக்க ஒன்றுமே இல்லை; எல்லாம் தெரியும், என் மடியிலேயே நடந்தது. இதில் எது கொடுமை என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

கொள்ளிடத்தில் உங்களைக் கரைக்கும் முன்னால், ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து வைக்கச் சொன்னேன். மகன், "எதுக்கும்மா?" என்று சீறினான். "வையிடா" என்றேன். வைத்தான். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று, துணியில் முடிந்து நம் தெற்குக் கொல்லை வேம்பில் கட்டியிருக்கிறது. காற்றடித்தால் ஆடுகிறது. பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

இன்று மருதாயி வீட்டிலிருந்தே பேத்திக்குப் போன் போட்டேன்.

"அந்த டிக்கெட்டெல்லாம் அப்பவே போச்சு அப்பாயி."

"மறுபடி போடு. ஆனியில. ஆடி அமாவாசைக்குள்ள திரும்பிரணும்."

"நீ மட்டுமா?"

"நீயும் லீவு போட்டுட்டு வா. இல்லாட்டி நான் மட்டும். போர்டு நான் பாத்துக்குறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு டிக்கெட் போடறேன்" என்றாள்.

மகன் கேட்டுவிட்டுக் குதித்தான். "தலைத்திவசம் கழியல. இந்தக் கோலத்துல கடல் தாண்டிப் போனா ஊரு என்னம்மா சொல்லும்?"

"உங்கப்பாயியைச் சொல்லாததையா என்னைச் சொல்லிரும்?" என்றேன்.

பையை நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. நம் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மருதாயி தூக்கிக்கொள்ள, நேரே தெற்குக் கொல்லைக்குப் போய் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன். உங்கள் பை இன்றைக்கு இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருக்கிறது. அங்கிருந்தேதான் நானும் கிளம்புவேன்.

கிளம்பும் அன்று வேம்பில் இருக்கும் முடிச்சை அவிழ்த்துச் சம்புடத்தில் போட்டுக்கொள்வேன். பாடாங் பெசாரில் நானே கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, நானே உங்களை ரயில் மாற்றி ஏற்றுவேன். அங்கே, அவர்களை ஒன்றாகப் போட்டுப் புதைத்த மண்ணில் உங்களைக் கொட்டிவிட்டு, அதே இடத்தில் ஒரு பிடி அள்ளிக்கொள்வேன். போகும்போது மகன், வரும்போது அப்பன். உங்கள் அப்பா உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. வேறு எப்படி உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைப்பேன்?

ஆடி அமாவாசைக்கு அய்யர் பேர் கேட்பார். நம் மகன் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பின்னால் நின்று இரண்டு பேரையும் நான் சொல்லித் தருவேன். முதலில் உங்கள் பேர். அதற்கு மேல் உங்கள் அப்பா பேர்.

நீங்கள் போனதிலிருந்து நம் வாசலில் கோலம் இல்லை. விடிந்ததும் எழுதிப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை. ஒரு கோடு, தலையில் பாதி வளையம். அடுத்தது கூரை.