வாசலில் நிற்கும் கணக்கை நிறுத்தும் திருமுகம்

மலைக்கும் வயலுக்கும் ஒரே குடை விரித்து, வழக்குரைக்க வந்தவரை முதலில் உண்ணச் சொல்லிப் பின்பே செவிசாய்க்கும் வெண்கடம்ப நாட்டுப் பேரரசி நன்முகையார் திருவாய் மலர்ந்தருள, அமைச்சன் பெருங்கோளன் எழுதும் திருமுகம். எம் குடைக்கீழ் நெடுங்கரை நாடாளும் வேள் முகில்வாணர் கண்டு மகிழ்க. தங்கள் கழிகளில் உப்பு விளைக. தங்கள் பட்டத்து யானையின் பல்வலி தணிக. அச்செய்தி இவ்விடம் எப்படி எட்டியது என்று ஆராய வேண்டா. தங்கள் கோட்டையில் தும்மியவர்க்கெல்லாம் வாழ்த்துச் சொல்ல அருகில் ஓராள் இருக்க.

மருத்துவர்க்குப் படியளக்கும் எம் புதிய முறையைத் தங்கள் நாட்டிலும் நடத்த விரும்பி, அதனைக் கண்டு வரத் தாங்கள் தூதுவரை அனுப்பினீர்கள். அம்முறையை வகுத்தவர் கல்விக்கழகத்துக் கணக்காயர் காரிநங்கை. இளமை முழுவதும் அவர் ஆராய்ந்தது ஒன்றே: நோய்க்கு நாடு எவ்வளவு செலவிடுகிறது, அச்செலவு யாரை எழுப்பி நிறுத்துகிறது? பெண் பார்க்க வந்த இடத்திலேயே, மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர்கள் ஊர் மருத்துவருக்கு என்ன படி என்று கேட்டாராம். மாப்பிள்ளை அத்திமான், அரண்மனைச் சங்கூதி, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் மணம் முடிந்தது என்று அத்தெருவே சொல்லும்.

முன்னாளில் மருத்துவர்க்குக் கஷாயக் குடுவைக்கு இவ்வளவு என்று நெல் அளந்தார்கள். கால் சுளுக்கியவனும் குடுவை குடுவையாகக் குடித்தான். சுளுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது, மருத்துவர் வீட்டுக் குதிர் மட்டும் வளர்ந்தது. காரிநங்கை அதை மாற்றினார். நிறைநிலா நாள் காலையில் பறை முழங்க, நலமாயிருப்போர் தத்தம் வாசலில் நிற்க வேண்டும்; நிற்கும் தலைகளை எண்ணி அத்தெரு மருத்துவர்க்கு நெல் அளக்கப்படும்; படுத்திருப்பவர்க்கு நெல் இல்லை. கழகத்தார் முதலில் நகைத்தனர். பிறகு மருத்துவர்களே குளம் தூர்வாருவதையும், வீட்டுக்கு வீடு எட்டிப்பார்த்துப் பழஞ்சோற்றைக் கொட்டச் சொல்வதையும் கண்டு நகைப்பை விட்டனர். ஆண்டுக்கு ஆண்டு நிற்போர் பெருகினர். கழகத்தின் முதல் இருக்கையை அவர்க்கே அளிப்பதென்று நாளும் குறித்தாயிற்று.

ஆனால் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் முறையைத் தானே அளப்பவர் தன் தெரு எண்ணிக்கையைக் காணலாகாது. பாசம் கண்ணை மறைக்குமாம். ஆகவே நிறைநிலா தோறும் காரிநங்கை ஊரெல்லாம் சுற்றினார், தம் வாசலை மட்டும் பார்த்ததில்லை. அத்திமானுக்கு இரைப்பு கண்டு சங்கை வேறொருவரிடம் கொடுத்தது அவர் அறிவார். கேட்கும்போதெல்லாம் "இப்போ தேவலை, நீ போய் உன் வேலையைப் பாரு" என்றே விடை வரும், இரவையும் கழகத்து ஓலைகளோடு கழித்த அவரும் நம்பினார். ஊரார் இரைப்பு நோயையெல்லாம் ஆராய்ந்தவர் தம் வீட்டு இரைப்பு நோயைக் கணவர் வாய்ச்சொல்லால் அளந்தார். அடுத்த வீட்டு மாசாத்திக்கோ எல்லாம் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மை வாய் திறவாதிருந்தது இந்நாட்டு வரலாற்றிலேயே அது ஒருமுறைதான்.

இம்முறை தங்கள் தூதுவர் அரண்மனைக்கு அருகிலுள்ள தெருவைக் காண விரும்பினார். அது காரிநங்கையின் தெரு. விருந்தினர்க்காக வழக்கம் தளர்த்தப்பட்டது. பறை முழங்கியது. தம் வாசலில் அத்திமான் வெள்ளுடை உடுத்து நிமிர்ந்து நிற்கக் கண்டார் கணக்காயர். மனைவியைக் கண்ட மகிழ்ச்சியில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அடக்கி வைத்திருந்த மூச்சு நழுவியது, சரிந்தார். கதவுத் திரைக்குப் பின்னிருந்து அவர் இடுப்பைத் தாங்கியிருந்த மாசாத்தியும் கூடவே வந்து விழுந்தார்.

தெரு மருத்துவர் பொன்னவிரர் ஓடிவந்து, தூக்கக் கலக்கம், வேறொன்றுமில்லை, எண்ணிக்கொள்ளலாம் என்றார். தூதுவரும் தலையசைத்தார். காரிநங்கையும் தலையசைத்திருந்தால் முதல் இருக்கை அவர்க்கு, முறை தங்களுக்கு. யாரும் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ கணவரின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு பறையை நிறுத்தச் சொன்னார். அடுத்தடுத்த வாசல்களின் திரைகளை விலக்கிப் பார்க்கும்படி தூதுவரையே வேண்டினார். ஒரு திரைக்குப் பின் மருமகன் மாமனாரைத் தாங்கி நின்றான். ஒன்றில் காய்ச்சல்காரி முதுகுக்கு உலக்கை முட்டுக் கொடுத்திருந்தது. எவரும் வஞ்சகர் அல்லர். தம் மருத்துவர் பிள்ளைகளுக்கு நெல் குறையுமே என்று இரங்கி நின்றவர்கள். நலமென்று நிற்பவர்க்கு மருந்தில்லை என்று தெரிந்தும், நோயை விழுங்கிக்கொண்டு நின்றவர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று மனைவி கேட்டதற்கு அத்திமான், "என்னாலே உன் கணக்கிலே ஒரு தலை குறையலாமா?" என்றாராம். அதற்கு அவர், "உம்மைக் கழிச்சுட்டு நான் யாரைக் கூட்டிக் காட்டப் போறேன்?" என்றாராம். மாசாத்தி சொல்லக் கேட்டது. இம்முறை அந்த அம்மை தாராளமாகவே சொன்னார்.

அன்றே காரிநங்கை அவையில் நின்று, தம் முறை நோயைக் குறைக்கவில்லை, ஒளித்து வைத்தது என்று உரைத்து, முதல் இருக்கையை மறுத்து, கணவர்க்குப் பணிவிடை செய்ய விடை வேண்டினார். பேரரசியார் விடை தந்தார். ஆராய்ச்சியிலிருந்து அல்ல, அவையிலிருந்து மட்டும். கழகம் இனி அவர் வீட்டுக் கூடத்தில் கூடும். அவ்வாறே கூடி வகுத்த புதிய முறையாவது: நெடுநோயாளரைக் கைவிடாது பேணும் மருத்துவர்க்கு அவர் பொருட்டு இருமடங்கு படி, யாரும் வாசலில் நிற்க வேண்டா, எண்ணுபவர் உள்ளே சென்று அமர்ந்து, உடம்பு எப்படி என்று கேட்டு, அவர் சொல்வதையே கொள்ள வேண்டும்.

ஆகவே பழைய முறை கூறும் ஓலை தங்கள் தூதுவர் கையில் இருப்பின் அதனை அடுப்பிலிடுக. வரும் நிறைநிலாவில் நெடுங்கரையில் ஒருவரும் வாசலில் நிறுத்தப்படலாகாது. இது பேரரசியார் ஆணை. மீறுவோர் யாராயினும் காரிநங்கையின் எதிரே வந்து விளக்குக, அதுவே போதிய தண்டம்.

புதிய முறைப்படி முதலில் கேட்கப்பட்டவர் அத்திமான். எண்ணுபவர் பக்கத்திலிருக்க, பொன்னவிரர் பாயருகே அமர்ந்து கேட்டார். அத்திமான் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, "முடியலை, ஐயா. ராவெல்லாம் மூச்சு முட்டுது" என்றார். அதைக் கேட்ட காரிநங்கை அழுதுகொண்டே அவர் முதுகை நீவினார்.

கடம்பப்பூ இலச்சினை இட்டு, அரக்கு உலருமுன் அனுப்பினோம். வேள் நலமா? மெய்யாகவே எழுதுக.