குறைக்கச் சொன்னோம், நிறுத்தச் சொல்லவில்லை

அனுப்புநர்:
பிரியந்தினி செல்வநாயகம்,
(காலை உடற்பயிற்சிக் குழுவினர் சார்பில்)
சந்தை வீதி, வேம்படிக்குளம்,
மாங்குளம்.

பெறுநர்:
கௌரவ தவிசாளர் அவர்கள்,
பிரதேச சபை, வேம்படிக்குளம்.

விடயம்: பொது மைதானத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பாட்டுப் பெட்டியைத் திரும்பத் தருதலும், காதுக்குக் கெடுதியில்லாத அளவில் பாட்டுப் போட அனுமதித்தலும்

மதிப்புக்குரிய ஐயா,

1. நாங்கள் எமது ஊர்ப் பொது மைதானத்தில் காலைதோறும் உடற்பயிற்சி செய்பவர்கள். சீனி வருத்தம், பிரஷர் என்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்து சந்தித்து வந்த எங்களை மைதானத்துக்கு இழுத்து வந்தவர் கரப்பந்தாட்டப் பயிற்றுநர் சுகிர்தன். தனது பாட்டுப் பெட்டியையும் அவரே கொண்டுவந்து வைத்தார். அதற்குமுன் அரைச் சுற்றிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், பாட்டு வந்தபின் வெயில் ஏறும்வரை ஆடினோம். சத்தத்தைக் கண்டிக்கவென்று வந்த ஏரம்பு ஐயாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் சேர்ந்துவிட்டார்.

2. எங்கள் கால்கள் சோரும்போதெல்லாம் சுகிர்தன் சத்தத்தைக் கூட்டினார். பெட்டிக்கு நேர்முன்னே நின்றவர் சங்கீத ஆசிரியை விமலேஸ்வரி. ஒருநாள் பாடசாலை விட்டதும் அவர் நேரே எனது தையற்கடைக்கு வந்தார். காதுக்குள் சில்வண்டு இரைகிறது என்றார். அன்று வகுப்பில் லக்சிகா என்ற மாணவியைப் பிழையென்று திரும்பத் திரும்பப் பாடவைத்திருக்கிறார். "பிள்ளை சரியாத்தான் பாடினவள், பிரியந்தினி. எனக்குத்தான் சுருதி பிடிபடேல்லை" என்றார். அவர் கண்கலங்கி நான் பார்த்தது அன்றுதான். மிகையான சத்தத்தால் வந்த வினை இது, ஓய்வு கொடுத்தால் மாறலாம், தொடர்ந்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போகக்கூடும் என்று காது வைத்தியர் கூறினார். பக்கத்தில் நிற்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது என்றும் விளக்கினார்.

3. இதைச் சொல்லிச் சத்தத்தைக் குறைக்கக் கேட்டும் சுகிர்தன் இணங்கவில்லை. ஆகவே சத்தத்தைக் குறைப்பிக்குமாறு தங்கள் சபைக்கு எழுதினோம். தங்கள் உத்தியோகத்தர் தாமதமின்றி வந்தார். அதற்கு நன்றி. ஆனால் அவர் சத்தத்தைக் குறைக்காமல், பெட்டியையே சபைக் களஞ்சியத்துக்கு ஏற்றிச் சென்றுவிட்டார்.

4. அன்றுமுதல், ஆசிரியை தவிர்ந்த ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியில், காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு, முழுச் சத்தத்தில் தனித்தனிப் பாட்டுக் கேட்கத் தொடங்கினோம். இது முன்னதிலும் மோசம். சுகிர்தன் வலம் என்றால் பாதிப்பேர் இடம் திரும்பினோம். சென்ற வாரம் மைதானத்துக்குள் மாட்டுப்பட்டி ஒன்று புகுந்தது. புடவைக்கடை ஹமீட் அவர்களின் மனைவி ஸக்கியா எங்களைப் பார்த்தபடி முன்னால் நின்றார். மாடுகள் அவருக்குப் பின்னால் வந்தன. விலகும்படி நாங்கள் எல்லோரும் கைகளை வீசிக் கத்தினோம். அவரோ அதைப் புதுப் பயிற்சியென்று எண்ணி, சிரித்தபடி தானும் கைகளை வீசினார். மாட்டின் மூச்சு முதுகில் பட்ட பிறகே வாய்க்காலுக்குள் பாய்ந்தார். கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. தூக்கி நிறுத்தியபோது, "எனக்குப் பாட்டும் வேணும், மாடு வாறதும் கேக்கவேணும்" என்றார். எமது கோரிக்கை முழுவதும் அந்த ஒரு வசனத்துள் அடங்கும்.

5. விமலேஸ்வரி ஆசிரியைக்கு ஓய்வில் இரைச்சல் நீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வானொலியைக் கொண்டுவந்து எங்கள் நடுவே வைத்து, பக்கத்தவர் சாதாரணமாகக் கதைப்பது கேட்கும்வரை சத்தத்தைத் தானே குறைத்தார். கால் எழும்பாது என்று சுகிர்தன் முணுமுணுத்தார். சற்று நேரத்தில் தன்னை மறந்து அவரே ஆடிக்கொண்டிருந்தார். முடிவில் ஆசிரியையிடம் சென்று, "ரீச்சர், குறைச்சாப் பிறகுதான் தவில் வாசிக்கிறது எனக்கு வடிவாக் கேக்குது" என்றார். ஆயினும் அச்சிறு வானொலி பின்வரிசைக்கு எட்டவில்லை. ஏரம்பு ஐயா ஊகத்தில் ஆடுகிறார்.

6. எனவே, பெட்டியை எங்களிடம் மீள ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதை முன்வரிசையிலிருந்து தள்ளி வைப்போம். இடையிடையே பாட்டை நிறுத்திக் காதுக்கு ஓய்வும் கொடுப்போம். ஒலியளவு ஆசிரியையின் பொறுப்பில் இருக்கும். சுகிர்தனும் இதற்குச் சம்மதித்துக் கீழே கையொப்பமிட்டுள்ளார்.

தங்களுக்கு ஐயமிருந்தால் ஒரு காலை சப்பாத்து அணிந்து வாருங்கள். பெட்டியையும் கூடவே எடுத்து வாருங்கள். பாட்டு ஓடும்போது எந்த வரிசையிலாவது நின்று, "பெட்டி உங்களுக்கே" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்.

இடம்: வேம்படிக்குளம்
திகதி: 14.10.2025

தங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
பிரியந்தினி செல்வநாயகம்
(ஒப்பம்)

உடன்படுவோர்: விமலேஸ்வரி, ஸக்கியா ஹமீட், ஏரம்பு, சுகிர்தன்