காய்ந்த வருசத்துக் கூலி

என் ஏர்க்கூட்டாளி, பாசமுள்ள மாப்பிள்ளை வெள்ளைச்சாமிக்கு,

நம்ப மாட்டாய். இதை நானே எழுதுகிறேன். பஞ்சாயத்துக் கட்டடத்தில் முதியோர் வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை உண்டு. "தாத்தா, நீங்களும் ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார் வாத்தியார். இருப்பவர்களிடம் வாயால் பேசிக்கொள்ளலாம். எழுதித்தான் பேச வேண்டும் என்றால் எனக்கு நீதான் இருக்கிறாய். ஒரு வரி முடிப்பதற்குள் போட்ட வெற்றிலை கரைந்துவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது மாப்பிள்ளை.

வழக்கு என்ன ஆனது என்றுதானே கேட்பாய்? சொல்கிறேன். மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் கண்மாய்க்குக் கீழே உள்ள வயலை நம் அப்பன்மார் காலத்திலிருந்து ஆளுக்குப் பாதியாக வாரத்துக்கு உழுதோம். விளைந்ததில் நிலத்துக்காரர் ஐயாவுக்கு ஒரு பங்கு, நமக்கு ஒரு பங்கு. சீட்டு எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். சமஸ்தானம் போய் சென்னை சர்க்கார் வந்த பிறகு, வாரத்துக்கு உழுகிற குடியை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. தகராறு என்றால் ரெவின்யூ அதிகாரி ஆர்.டி.ஓ.விடம் கோர்ட்டு. வக்கீல் இல்லாமல் நாமே போய்ச் சொல்லலாம். ஐயா உடனே, "இவர்கள் குடிகள் அல்ல, கூலிக்கு வேலை பார்ப்பவர்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கூலியாள் என்று தீர்ப்பானால் நமக்குச் சட்டமும் இல்லை, வயலும் இல்லை.

புதுக்கோட்டையில் முதல் வாய்தா. ஐயா பக்கத்திலேயே நின்றார். நாம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டோம்.

"அது யார் வயல்?" என்றார் அதிகாரி.

"ஐயா வயலுங்க" என்றாய் நீ.

"நீங்க என்ன செய்றீங்க?"

"ஐயாவுக்கு வேலை செய்யுறோமுங்க" என்றேன் நான்.

ஐயாவை வைத்துக்கொண்டு வேறு மாதிரி பேசி நமக்குப் பழக்கமில்லை. களத்திலும் கோயிலிலும் அப்படித்தான் சொல்வோம். அது மரியாதை. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அழகம்மாள், உன் பெண்டாட்டி, என் தங்கை, நம் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். "வயலத்தான் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. மாட்டையும் கையோட பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"ஐயா முன்னால எதுத்துப் பேச ஒங்கண்ணனுக்கு நாக்கு எழும்புமா?" என்றாய் நீ.

"ஒங்களுக்கு எழும்புச்சாக்கும்!"

அடுத்த வாய்தாவுக்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு அந்த அதிகாரி மாறி, வேறொருவர் வந்தார். இந்த மாதிரி வழக்குகளை ஆபீசில் உட்கார்ந்து முடிக்காமல் இடத்துக்கே போய் விசாரிக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவாம். போன மாசம் கண்மாய்க் கரையில் மேசை போட்டார்கள். ஊரே கூடிவிட்டது.

"பெரியவரே, இது கூலியா, வாரமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஐயா புண்ணியத்துல ஏதோ செய்யுறோமுங்க" என்றேன். கூட்டத்தில் அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

அதிகாரி என்னை விட்டுவிட்டு ஐயா பக்கம் திரும்பினார்.

"மழை இல்லாம ஒரு வருசம் காஞ்சுதே, அப்ப இந்த வயல் என்ன ஆச்சு?"

"எல்லாம் சாவி, ஒரு கதிர்லயும் மணி பிடிக்கல. வைக்கோல்கூடத் தேறல."

"இவங்க உழுது நட்டாங்களா?"

"உழுதாங்க, நட்டாங்க."

"அதுக்கு என்ன கூலி குடுத்தீங்க?"

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூலியா? வெளஞ்சா பங்கு, காஞ்சா அவன் பாடு. காஞ்சதுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? எங்க வம்சத்துல எவன் குடுத்தான்?"

ஐயாவின் கணக்கப்பிள்ளை இருமினார். ஆனால் அதிகாரி எழுதி முடித்திருந்தார். அதைப் படித்துக் காட்டி ஐயாவிடம் கையெழுத்தும் வாங்கினார். ஐயா பொய்யர் அல்ல மாப்பிள்ளை. கேட்கிற விதத்தில் கேட்டதும் உள்ள வழக்கத்தைச் சொல்லிவிட்டார். கூலியாள் என்றால் காய்ந்த வருசத்துக்கும் கூலி உண்டே.

கணக்கப்பிள்ளை விடவில்லை. "அப்படியே வச்சாலும் செத்தவன் பாதி ஐயாவுக்குத்தானே திரும்பணும்?" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "அது எப்படித் திரும்பும்? அது எந்தங்கச்சி வயலு!" என்று கத்திவிட்டேன். ஐயா முன்னால்தான்.

"பொம்பளை ஏர் பிடிப்பாளாக்கும்?"

அழகம்மாள் முன்னால் வந்தாள். "நட்டதும் அறுத்ததும் நான். ஏரு எங்கண்ணன் பிடிக்கும். ஒங்க ஐயா என்னைக்குப் பிடிச்சாரு?"

கூட்டம் சிரித்தது. ஐயாவுக்கும் சிரிப்பு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

உத்தரவு வந்துவிட்டது. நாங்கள் குடிகள்தானாம். ஐயாவின் பங்கைத் தவறாமல் அளக்க வேண்டும், அவர் எங்களை வெளியேற்றக் கூடாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் என் பெயர், கருப்பையா. அடுத்தது, வெள்ளைச்சாமி மனைவி அழகம்மாள். இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் வாய்தாவிலேயே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நீயும் இருந்து இதைக் காதால் கேட்டிருப்பாயா?

ஐயா மேலே முறையிடுவாரா, தெரியாது. நேற்று திருமயம் பஸ்ஸில் பார்த்தேன். "என்ன கருப்பையா, விதைநெல்லு இருக்கா?" என்றார். "இருக்குங்க" என்றேன். 

கண்மாயில் இந்த வருசம் அரைத் தண்ணீர்தான். உன் பாதி மடைக்குத் தள்ளி இருக்கிறது, தண்ணீர் முதலில் என் பாதிக்குத்தான் வரும். மாப்பிள்ளை, இதை எழுத்திலேயே தருகிறேன். அழகம்மாள் பாதி முழுக்க நனைந்த பிறகுதான் என் பாதிக்கு வாய்க்காலை வெட்டிவிடுவேன். தண்ணீர் பற்றாமல் போனால், என் பாதி காயட்டும்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
கருப்பையா