கழிப்பறைக்கு ஒரு ரிப்பன்

ஜூலை 3
மகள் இன்றைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தளும்பத் தளும்பத் திருப்பிக் கொண்டுவந்தாள். "மண்டை வெடிக்கிற வெயில்ல ஒரு வாய் குடிச்சா குறைஞ்சா போயிடுவே?" என்று கத்தினேன். பாட்டிலை மூலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பனைப் போலவே கல்லுளிமங்கி.

ஜூலை 6
அண்ணன் வந்தான். அந்தப் பள்ளிக்கு அவன்தான் தலைமையாசிரியர். பெண் பிள்ளைகளுக்குக் கட்டி முடித்த கழிப்பறையின் கல்வெட்டை மூட வெல்வெட் திரை வேண்டுமாம். வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. திறந்துவைக்க வரும் பெரியவர் தேதி சொல்வதுதான் பாக்கி. "சுருக்கம் விழாம தைம்மா, என் மானப் பிரச்சினை." தங்கச்சி தையல்காரி என்றால் கூலி கிடையாது, குறை மட்டும் உண்டு.

ஜூலை 11
மகளுக்குக் காய்ச்சல். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள்.

ஜூலை 12
சிறுநீரில் தொற்று. "நாள் முழுக்க அடக்கி வைக்கிறாளே, வீட்டுல கேக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். பள்ளிக்குப் பின்னாலிருந்த புதரை வெட்டித்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டினார்களாம். இருந்த மறைவும் போயிற்று. "குடிச்சா வரும்மா. வந்தா எங்க போறது?" காலையிலிருந்தே குடிக்காதே என்று பெரிய வகுப்பு அக்காமார் சொல்லிக்கொடுத்தார்களாம்.

குழாயில் தண்ணீர் வருகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. வெளியே பூட்டு. ஏன்? ரிப்பன் வெட்டவில்லை! அடப்பாவிகளா... பிள்ளைங்க அடக்கிட்டு உக்காந்திருக்கு, நான் அதுக்குத் திரை தைச்சிட்டிருக்கேன்!

ஜூலை 13
அண்ணன் வீட்டுக்கே போனேன்.

"இப்பவே திறந்தா அழுக்காயிடும்மா. பெரியவர் வர்றப்போ பளபளன்னு இருக்க வேணாமா?"

"கக்கூஸ் அழுக்காகத்தான் செய்யும்ணே. கழுவத்தானே குழாய் வச்சிருக்கு?"

"மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

"உன் ரூமுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கில்ல? அதை ஒரு வாரம் பூட்டிப் பாரு."

உள்ளேயிருந்து அண்ணி சிரித்துவிட்டாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பிடிக்காவிட்டால் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள் என்றான். தாய்மாமனாம், தாய்மாமன்!

ஜூலை 14
தையலில் மனம் ஓடவில்லை. விரலில் ஊசி ஏறிவிட்டது.

ஜூலை 17
என் கத்தரிக்கோலைத் துணியைத் தவிர வேறு எதிலும் வைக்க விடமாட்டேன், முனை மழுங்கிவிடும். ஆனால் ரிப்பனும் துணிதானே?

இடைவேளை மணி அடித்ததும் போய் வெட்டினேன். சாவி காலையிலேயே கைக்கு வந்திருந்தது. "நான் குடுத்தேன்னு சொல்லிடாதே" என்று வைத்துவிட்டு ஓடியிருந்தாள் அண்ணி.

கதவைத் திறந்தும் ஒரு பிள்ளை நகரவில்லை. எல்லாரும் வராந்தாவில் நின்ற அண்ணனையே பார்த்தார்கள். என் மகள்தான் முதலில் போனாள். பிறகு வரிசை, மணி அடித்தும் கலையாத வரிசை.

"என் வேலைக்கே உலை வச்சிட்டியேடீ!" என்று கத்தினான். கிட்டே வரவில்லை. கத்தரிக்கோல் இன்னும் என் கையில்தான் இருந்தது.

ஜூலை 24
அண்ணன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. படுக்க வேண்டாம், போகட்டும்.

ஆகஸ்ட் 2
வந்தான். நாளைக்குப் பெரியவர் வருகிறாராம், திரை வேண்டுமாம். உட்காரச் சொல்லவில்லை.

"புது ரிப்பன் கட்டிட்டு மறுபடி பூட்டுவியா?"

தலையைச் சொறிந்தான். "எப்படிப் பூட்டறது? பூட்டையும் சாவியையும் உங்க அண்ணி கிணத்துல போட்டுட்டா."

திரையைக் கொடுத்தேன். சுருக்கத்தோடுதான்.

ஆகஸ்ட் 3
பெரியவர் பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்கவில்லையாம். ரிப்பனுக்குக் கீழே குனிந்து போவதும் வருவதுமாக இருந்தார்களாம்.

பாட்டில் காலியாக வந்தது. இது பத்தவில்லையாம், பெரியதாக ஒன்று வேண்டுமாம்.