வெட்டின வார்த்தை இருந்த இடம்

ஜூலை 9, வியாழன்.

கோடம்பாக்கம் ஸ்டுடியோவுல இன்னிக்கு ஒரு கானா பாட்டுல நாலு இடத்துல வர்ற "இடிச்சாங்க"ங்கற வார்த்தைய என் கையாலயே வெட்டினேன். பாடின மணி அடையாறு ஆத்தோரத்துல பொறந்தவன். வீட்ட இடிச்சு, சனங்கள ஊருக்கு வெளிய கொண்டுபோய்த் தள்ளினதைத்தான் பாடியிருக்கான். பாட்ட வெளியிடற கம்பெனி மேனேஜருக்கு அது பிரச்சனையாம். இன்னொரு பாட்டுல பொண்ண அறையச் சொல்ற வரி இருக்கு. அது ஜாலியாம், இருக்கலாமாம். முன்னல்லாம் வெட்டச் சொல்லி மேலேருந்து தாள் வரும். இப்ப தாளே வேண்டாம், இந்தத் தொடைநடுங்கிங்களே கத்தரியோட வந்துடறானுங்க.

"இன்னாண்ணா, வூட்ட இட்ச்சது தப்பில்ல, பாட்னதுதான் தப்பா?"ன்னு மணி கேட்டான். வெட்டிக் கொடுத்தவனே நான்தான்.

வெட்டின இடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு எப்பவும் போல ஒரு டோலக் அடி வெச்சேன். "அது வேணாண்ணா, பெரிய டிரம்ம போடு"ன்னான். போட்டேன். நாலு இடத்துலயும் தொம்முன்னு விழுந்துச்சு. மேனேஜர் கையத் தட்டி, "சூப்பர், இனிமே யாருக்கும் ஒண்ணும் புரியாது"ன்னான்.

மணி என் காதுகிட்ட வந்து சொன்னான்: "வூடு வுழும்போது இதே சத்தந்தாண்ணா."